மச்சான் ஏன் சிங்கு ஆனார்?

அவர் குனிந்துதான் உள்ளே வந்தார். குனிந்தும் தலைப்பாகை நிலையில் இடித்து, ஓட்டுச் சந்திலிருந்து கொஞ்சம் தூசி என் தையல் மிஷின் மேல் உதிர்ந்தது. ஒரு கையால் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே, மறு கையிலிருந்த துணிச் சுருளை வெட்டுமேசையில் விரித்துப் போட்டார்.

முழங்கால் வரை நீளமான, நாடா கோத்த, நல்ல அகலமான உள்கால்சட்டை. துவைத்துத் துவைத்து இழை தெரிந்தது.

"இதுமாதிரி அஞ்சு வேணும். அஞ்சு ஆளு, அஞ்சு அளவு. இதுக்குப் பேரு கச்சா" என்றார்.

கூடலூரில் நான் கடை போட்ட கதையைப் போன வாரம் சொன்னேன் அல்லவா, அந்தக் கடையில்தான் இது நடந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் லாரிகளெல்லாம் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு குமுளி மலை ஏறின. வந்தவர் அப்படி ஒரு கரி லாரிக்குச் சொந்தக்காரர். பஞ்சாபிலிருந்து எங்கெங்கோ சுற்றி எங்கள் பக்கம் ஒதுங்கியவர். பெயர் குர்பசன் சிங். ஊருக்கு அவர் வெறும் சிங்கு. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார்.

"அஞ்சு பேரு யாரு யாரு?" என்று கேட்டேன். அளவெடுக்க அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்டேன். அடுத்தவன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிறவிக் குணம்.

"நாலு பேரு இந்த ஊரு. அஞ்சாவது ஞான்."

அந்த நாலு பேரும் தம் மார்க்கத்தில் சேரப் போகிறார்கள் என்றார். மலைக்கு மேலே மலையாளக்கரைத் தோட்டம் ஒன்றில், வடக்கேயிருந்து வந்திருக்கும் ஐந்து பெரியவர்கள் இரும்புப் பாத்திரத்தில் சர்க்கரைத் தண்ணீரை வாளால் கலக்கி, பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்களாம். அதற்குப் பெயர் அமிர்தம். குடிப்பதற்கு முன் இந்தக் கச்சா உடுத்தியிருக்க வேண்டுமாம். அதன்பின் ஆயுசுக்கும் உடம்பிலிருந்து ஒரு முடியை எடுக்கக் கூடாது.

நாலு பேரின் பெயரையும் சொன்னார். நாலாவது பெயர் வீரணன்.

வீரணன் என் அக்கா புருஷன்.

அளவெடுக்கையில் கேட்ட கேள்வி

மச்சான் சிங்குவின் லாரி ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாகத் தாடி வளர்த்துக்கொண்டிருந்தார். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருந்தேன். இப்படி ஒரு குண்டு விழும் என்று நினைக்கவில்லை.

சரி, ஒவ்வொருத்தரையும் கேட்டே விடுவது என்று முடிவு செய்தேன். இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டுப் பிடித்திருக்கும்போது ஒரு மனுஷனால் நகரவும் முடியாது, அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லவும் முடியாது.

முதலில் வந்தவன் பாண்டி. சிங்கு லாரியில் கிளீனர். முப்பது வயதாகியும் ஸ்டியரிங்கைத் துடைக்கத்தான் கிடைத்தது, பிடிக்கக் கிடைக்கவில்லை.

"ஏண்டா பாண்டி, சாமியை மாத்துற அளவுக்கு என்ன வந்துருச்சு?"

"அண்ணே, செக்போஸ்டுல நம்மள ஏலே இறங்குடாங்குறான். தலப்பாவக் கண்டா கேட்டு தன்னால தொறக்குது. முடி மட்டும் வளரட்டும், லைசென்ஸு வீடு தேடி வரும் பாருங்க."

அடுத்து வந்தவர் சீனி. பஸ்ராவில் பட்டாளத்தில் இருந்து காலில் ரவையோடு திரும்பியவர். அவர் வாயைத் திறக்கவே இல்லை. கூட வந்த அவர் சம்சாரம் ராக்கம்மாதான் பேசினாள்.

"நல்லா இறுக்கி எடுங்க. இந்தச் சாமிக்குப் பொகையிலையும் ஆகாது, சாராயமும் ஆகாதாம்ல. நம்ம கருப்பனுக்கு வருசத்துக்கு ஒருக்கா பாட்டிலு வப்போம். சாமி பேரச் சொல்லி இவுக வருசம் பூராக் குடிச்சாக. போதும்டா சாமின்னு நாந்தேன் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

சீனி டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ராவில் குண்டுக்கு நின்றதைவிட இது கஷ்டம் போலிருந்தது.

மூன்றாவது ஆள் சோலை. இவரைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

சோலை சேரியிலிருந்து வருகிறவர். லாரிக்கு மூட்டை ஏற்றுவார். டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ் ஓலையில் செருகியிருக்கும். என் கடையும் அதைவிட யோக்கியமில்லை. சேரி ஆள் வந்தால் டேப்பின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து, அவரையே சுற்றிப் பிடிக்கச் சொல்லி, எட்ட நின்று நம்பரைப் படிப்பேன். எல்லாத் தையல்காரரும் அப்படித்தான் செய்தார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். தப்பிக்க விரும்பவில்லை.

அன்றைக்கும் சோலை பழக்கதோஷத்தில் டேப்புக்குக் கையை நீட்டினார். சிங்கு வாசலில் நின்றிருந்தார். சோலைக்கு முன்னால் வந்து தம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். நான் சுற்றி அளவெடுத்தேன். அவர் விலகினார். அடுத்தபடி சோலை நின்றார், கையைத் தூக்கவா வேண்டாமா என்று தெரியாமல்.

நான் டேப்பை அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோனேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"மூச்ச விடுங்க. அப்பத்தான் அளவு சரியா வரும்" என்றேன். அதுவரை நான் அவரிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"ஒங்களுக்கு என்ன காரணம்?"

"சிங்கு என்னய ஒக்காருன்னு சொன்னாக" என்றார். "லாரி செட்டுல ரொட்டியும் பருப்பும் அவுக கையால போட்டு, எனக்கு எதுத்தாப்புல அவுகளும் தரையில ஒக்காந்து தின்னாக. அம்புட்டுத்தேன்."

"அதுக்காகச் சாமியவே மாத்துறதா?"

"எந்தச் சாமிய மாத்துனேன், தையக்காரரே? உள்ள விட்டிருந்தாத்தான எனக்குன்னு ஒரு சாமி?"

அதன்பின் அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

சிங்குவைக்கூட விடவில்லை. நீங்கள் ஏன் இன்னும் இதெல்லாம் கட்டிக்கொண்டு திரிகிறீர்கள், இந்தப் பள்ளத்தாக்கில் உங்களை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.

"ரங்கூன்ல ஒரு தடவ முடி வெட்டினேன்" என்றார். "கண்ணாடில பாத்தா எங்க மாமன் மூஞ்சி. எனக்கு அவரப் பிடிக்காது."

"பாட்டெல்லாம் சொல்றீங்களே, லாரி ஓட்டும்போது?"

"பிரேக்கு சரியில்ல" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

மச்சான் கடைசியாக வந்தார். டேப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"சவரம் பண்ண நேரமில்ல மாப்ள" என்றார்.

சுங்குடித் தலைப்பாகை

ஐந்து பேரும் லாரியில் மலையேறிப் போய்விட்டு வந்தார்கள். பாண்டியும் சீனியும் அங்கே போனதும் பயந்து, அடுத்த தடவை பார்ப்போம் என்று கச்சாவை மட்டும் உடுத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள். முறையாக அமிர்தம் குடித்தவர்கள் சோலையும் மச்சானும்தான். மச்சான் பெயர் வீர் சிங் ஆகியிருந்தது. கையில் இரும்பு வளையம், பழைய லாரிப் பட்டையிலிருந்து ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது. இடுப்பில் ஒரு சின்னக் கத்தி.

தலைப்பாகைக்குத்தான் திண்டாட்டம். துணிக்குக் கட்டுப்பாடு இருந்த நேரம். ஐந்து கஜத்துக்கு எங்கே போவது? என் அக்கா பேச்சியம்மாள் பெட்டியைத் திறந்து, தன் சுங்குடிச் சேலையை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"நீளத்துக்கு ரெண்டாக் கிழிச்சு ஓரம் அடிச்சுக் குடு, தம்பி."

"ஏன்க்கா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்" என்றாள்.

மஞ்சளில் வெள்ளைப் புள்ளி போட்ட தலைப்பாகையோடு மச்சான் லாரியில் போவார். பஞ்சாபிலிருந்து பார்த்தால் என்ன சொல்வார்களோ, எங்கள் ஊரில் அது எடுப்பாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் மச்சானை எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரு நாள், "லாரிக்கு நல்லது மாப்ள" என்பார். ஒரு நாள், "தலைவலி நின்னு போச்சு." இன்னொரு நாள், "இடுப்புல கத்தி இருந்தா ஒங்க அக்கா பயப்படுவான்னு பாத்தேன், அவ பயப்படல." ஒரே கேள்விக்கு ஒன்பது பதில் சொன்னால் பதிலே இல்லை என்றுதானே அர்த்தம்? பாண்டி மாதிரி இவரும் ஏதோ லாபத்துக்கு ஆடுகிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு மூத்த பையன் ஒருவன் இருந்தான். ஒன்றரை வயதில், குலசாமிக்கு மொட்டை போட்டுக் காது குத்திய சில நாளில், ஜன்னி கண்டு போய்விட்டான். தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பலனில்லை. அந்த மொட்டைக்கு மடி கொடுத்தவன் நான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் முடி எடுப்பார்கள். மாமன் மடி இல்லாமல் மொட்டை இல்லை.

அதன்பின் பிறந்தவன் ராசு. ஒன்றரை வயது. பிறந்த முடியை எடுக்காமல் அக்கா உச்சியில் சின்னதாக முடிந்து விட்டிருப்பாள். தத்தித் தத்தி என் கடைக்கு வந்து நூல்கண்டை உருட்டுவான். நான் தூக்கி மடியில் வைக்கப் போனால் மட்டும், மச்சான் எங்கிருந்தாவது வந்து வாங்கிக்கொள்வார்.

"ஒண்ணுக்குப் போயிருவான் மாப்ள. தைக்கிற துணி பாழாயிரும்."

நியாயமாகத்தான் பட்டது.

பெரிய மச்சான் வந்த நாள்

தை முடிகிற சமயம், மச்சானின் அண்ணன் பெரியகருப்பன் மார்க்கையன்கோட்டையிலிருந்து பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். இரண்டு போகமும் விளைகிற வயல்காரர். சத்தமாகப் பேசித்தான் பழக்கம். அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"தம்பி, மாசிப் பச்சை வருது. ராசுக்கு இந்த வருசம் மொட்டை போட்டாகணும்."

மாசிப் பச்சை என்றால் சிவராத்திரியை ஒட்டி வருகிற குலசாமி கும்பிடு. முல்லையாற்றங்கரையில் அவர்கள் கருப்பனுக்குப் பங்காளிகள் எல்லாம் கூடிப் பொங்கல் வைப்பார்கள்.

"மச்சான் சம்மதிக்க மாட்டாகளே" என்றேன்.

"அவனுக்கு அன்னைக்கு ஆலுவாய்க்கு லோடு இருக்கு. வர நாலு நாளாகும். நீ மடி குடு தம்பி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அவர் வெட்டுமேசையில் கையூன்றிக் குனிந்தார்.

"மூத்தவனுக்கு நாள் தள்ளிப் போட்டோம். சாமி எடுத்துக்கிருச்சு. இவனுக்கும் தள்ளிப் போட்டுட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா எவன் பதில் சொல்றது? அது மட்டுமா? முடி எறக்காத புள்ளைய பங்காளி வரிசையில சேக்க மாட்டாங்க. ஒங்க அக்காவும் அவனும் வருசா வருசம் பொங்கலுக்கு வெளிய நிக்கணும். நாளைக்கு அவனுக்கு ஒரு நல்லது பொல்லதுன்னா யாரு வருவா? லாரிக்கார சிங்கா வருவான்?"

பெரிய மச்சான் கெட்டவர் இல்லை. அவர் பயந்திருந்தார். கத்தி படாவிட்டால் பிள்ளை போய்விடும் என்று உண்மையாகவே நம்பினார்.

என் அக்கா வெளியே நிற்பது என் கண்முன் வந்தது. மச்சானின் ஒன்பது பதில்களும் ஞாபகம் வந்தன. காரணமே சொல்லத் தெரியாத பக்தி எவ்வளவு ஆழம் இருந்துவிடப் போகிறது, திரும்பி வந்ததும் நாலு நாள் முறைப்பார், முடி தானாக வளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

சரி என்றேன். அந்தத் திமிருக்காக நான் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

ஆற்றங்கரையில்

வெறும் பொங்கலுக்கு என்று சொல்லித்தான் அக்காவைக் கூட்டிப்போனேன். அவளும் நம்பி வந்தாள். அன்று காலை ஆற்றங்கரை முழுக்க விறகுப் புகை. புது வெல்லம் கொதிக்கும் வாசம். அக்காவை இரண்டு பானைக்குக் காவல் வைத்துவிட்டு, பெரிய மச்சான் ராசுவைத் தூக்கிக்கொண்டு மருதமரத்தடிக்கு வந்தார்.

நான் பாயில் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். உச்சிக் கொண்டையை அவிழ்த்து ஆற்றுத் தண்ணீரைத் தெளித்தார்கள். ராசு தண்ணீரை நக்கிப் பார்த்துச் சிரித்தான். நாவிதர் கத்தியை உள்ளங்கையில் தீட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா எப்படிப் பார்த்தாள் என்று தெரியாது. அகப்பை கையில் இருக்க, நடந்து வந்து என் எதிரே நின்றாள். கத்தவில்லை.

"தம்பி, எந்திரி."

"அக்கா, ஒரு நிமிசந்தேன். ஒன் நல்லதுக்குத்தான..."

"அன்னைக்கும் நீதான மடி குடுத்த" என்றாள்.

அகப்பையிலிருந்து பால் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கத்தியக் கண்டதும் மூத்தவன் அழுதான். அழுகைய நிப்பாட்ட நீ கோழி மாதிரிக் கூவிக் காட்டுன. சிரிச்சுக்கிட்டே ஒன்னயத் திரும்பிப் பாத்தான். வலது காதுக்குப் பின்னாடி கத்தி பட்டுச்சு. சந்தனத்த அப்பிவிட்டுட்டுச் சோறு திங்கப் போயிட்டோம். எட்டாம் நாளு வாயத் தொறக்க முடியாமத் தாட கட்டிக்கிருச்சு. எல்லாரும் ஜன்னின்னீக. தேனி டாக்டரு ஒங்க மச்சான்கிட்ட மட்டும் சொன்னாரு, கத்திப் புண்ணால வந்ததுன்னு."

"எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ பொழைக்க மாட்டன்னு அவுகதேன் சொல்ல விடல. இந்த ராசு தலையில அடிச்சு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காக. இன்னைக்கு அந்தச் சத்தியத்த ஒடச்சுட்டேன்."

அப்புறம் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

"அதுக்கப்புறம் ஒரு தலைக்கிட்டக் கத்தியப் பாத்தாலே அவுகளுக்கு ஒடம்பு நடுங்கும். ஒரு நா சிங்குகிட்டப் போயி, பொறந்த முடியில கத்தியே படக் கூடாதுன்னு ஒங்க சாமி சொல்லுதாமே, நெசமான்னு கேட்டாக. ஆமான்னாரு. அந்தச் சாமி போதும்னு வந்துட்டாக."

ஊரிலுள்ள அத்தனை பேர் இடுப்பையும் பிடித்து ஏன் ஏன் என்று கேட்டவன் நான். அதற்குப் பதில் என் மடியிலேயே இருந்திருக்கிறது. ஒன்பது பதில் சொல்லி அந்த மனுஷர் காப்பாற்றியது அவரை இல்லை. என்னை.

நான் எழுந்து ராசுவை அக்காவிடம் கொடுத்தேன். பெரிய மச்சான் ஓடி வந்தார். "தம்பி, நேந்துக்கிட்டது. சாமி குத்தமாயிரும். புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிக்கு முடிதான வேணும்? நான் தர்றேன். மாமன் தலை இருக்குல்ல?" என்று மறுபடி பாயில் உட்கார்ந்தேன்.

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் எங்களையும் கொதிக்கிற பானைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாய்மாமன் குடுத்தாக் கருப்பன் வேணாம்னா சொல்லப் போறான்? எடுங்கப்பா. பொங்கல் பொங்கி வழியுது."

பெரிய மச்சான் பூசாரியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப ராசுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுய்யா."

அவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கத்தி பட்டால் பிள்ளை போய்விடும் என்று ஒருத்தர், படாவிட்டால் போய்விடும் என்று ஒருத்தர். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி, ஒரே பிள்ளைக்காக.

என் தலை பாதி மழிந்தபோது ராசு என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தான். நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் சுரீரென்றது.

கரி அணையாத லாரி

நாலாம் நாள் மத்தியானம் லாரி கடை வாசலில் நின்றது. மச்சான் இறங்கி வந்தார். சுங்குடியில் ஆலுவாய்ப் புழுதி படிந்திருந்தது.

"என்ன மாப்ள, மொட்டை?"

"வெயில் தாங்கல மச்சான்" என்றேன்.

என்னையே பார்த்தார். அது அவருடைய வகைப் பதில் என்பது அவருக்குத் தெரியாதா? அக்காவை இன்னும் பார்க்கவில்லை, ஒன்றும் தெரியாது. ஆனாலும் மாசிப் பச்சை முடிந்த வாரம், தாய்மாமன் தலை மொட்டை. மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது.

"ராசு?"

"முடியோடதேன் இருக்கான்."

ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகு கையை நீட்டி என் தலையைத் தடவினார். காதுக்குப் பின்னால் வந்ததும் விரல் நின்றது. அங்கே பொருக்கு கட்டியிருந்தது.

அந்த மாதிரி ஒரு முகத்தை நான் மறுபடி யாரிடமும் பார்க்கவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். கடையைக்கூடச் சாத்த விடவில்லை. நல்லவேளை, கரியடுப்பு அணையாமல் கனன்றுகொண்டிருந்தது. லாரி கம்பம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. வழிநெடுக வாய்க்குள் பாட்டைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் டிங்சர் வைத்து ஒரு ஊசியும் போட்டார். திரும்பும்போது மச்சான் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வாய் வராத ஒரே பயணம் அதுதான்.

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்கு வந்து நின்றார். கையில் மறையூர் வெல்லம்.

"வாயத் தொற மாப்ள. நல்லாப் பெருசாத் தொற. மென்னு திங்கணும்."

அதற்கடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். வெல்லம் ஒரு சாக்கு. என் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மென்று முடிக்கும் வரை நின்றுவிட்டுப் போவார்.

சொல்ல வந்ததை முடிக்கும் முன், மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று என்னைப் போலவே அரிப்புள்ள வாசகர்கள் கேட்பீர்கள். பாண்டிக்கு லைசென்ஸ் கிடைத்தது. அதே வாரம் முடியை வெட்டிக்கொண்டான். சீனி சம்சாரத்துக்குப் பயந்து குடியை விட்டவர். அவள் காலமான பிறகாவது பழையபடி குடிப்பார் என்று எதிர்பார்த்தேன், தொடவில்லை. சோலை கடைசிவரை சிங்காகவே இருந்தார். அவர் வீட்டில் யார் போனாலும் முதலில் வரும் வார்த்தை, உட்காருங்கள் என்பதுதான். நான் பலமுறை உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன். சிங்கு, நாடு பிரிந்தபோது தம் ஊரைத் தேடிப் போனார். லாரியை மச்சானிடம் விட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

மச்சான் பயத்தில்தான் அந்தச் சாமியிடம் போனார். ஆனால் பயமெல்லாம் போய் எத்தனையோ வருஷம் கழித்தும், விடியற்காலையில் குளித்துவிட்டு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலைவலிக்கு நல்லது என்றிருப்பார்.

வெல்லம் எத்தனை நாள் வந்தது என்று நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருக்கிறார். ஒரு நாள் வெல்லம் இல்லாமல், தோளில் ராசுவை உட்கார வைத்துக்கொண்டு வந்தார். உச்சிக் கொண்டையில் அக்கா மிச்சச் சுங்குடியில் ஒரு துண்டு கட்டிவிட்டிருந்தாள்.

"இவனுக்கு ஒரு கச்சாவுக்கு அளவெடு மாப்ள."

டேப்பை எடுத்தேன். ராசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. மேசைக்கு அடியில் புகுந்தான், நூல்கண்டை உருட்டினான். ஒரு கையில் டேப்பும் ஒரு கையில் அவனுமாகத் திண்டாடினேன். மடியில் வைக்கத் துணியவில்லை.

மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார். குனிந்து அவனைத் தூக்கினார். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு நேரே வந்து, என் மடியில் உட்கார வைத்தார்.

"நல்லாப் புடிச்சுக்க" என்றார்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து டேப்பில் நம்பரே தெரியவில்லை. வாய்க்கு வந்த அளவைச் சொல்லி அதையே வெட்டித் தைத்தேன். அந்தக் கச்சாவை ராசு ஏழு வயது வரை போட்டான்.